பிழை எங்கிருந்து வருகிறது? தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஆங்கில இலக்கணம் சொல்லிக்கொடுப்பவர்களுக்கு

வாரா வாரம் திருத்துகிறோம். வாரா வாரம் அதே பிழை வருகிறது. சிங்கப்பூரில் தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஆங்கில இலக்கணம் சொல்லிக்கொடுக்கும் பெற்றோரும் துணைப்பாட ஆசிரியர்களும் அதிகம் சொல்லும் குறை இது. பிழையை வட்டமிட்டு, சரியான சொல்லை மேலே எழுதிக்கொடுத்தால் அந்த ஒரு வாக்கியம் திருந்திவிடும். அந்தப் பிழையைப் பிறப்பித்த பழக்கம் அப்படியே இருக்கும்.

ஆகவே திருத்துவதற்கு முன் பிழை எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். பெரும்பாலும் மூன்று இடங்களில் ஒன்றாக இருக்கும். முதலாவது, வீட்டில் பேசும் தமிழ். பிள்ளை தமிழ் விதியை ஒழுங்காகப் பின்பற்றி, அதில் ஆங்கிலச் சொற்களை வைத்திருக்கும். இரண்டாவது, பள்ளி உணவகத்திலும் திடலிலும் கேட்கும் சிங்கப்பூர்ப் பேச்சு ஆங்கிலம். அதற்கென்று ஓர் ஒழுங்கு உண்டு; தேர்வுத்தாள் கேட்கும் ஒழுங்கு வேறு. மூன்றாவது, நாமே சொல்லிக்கொடுத்த ஒரு விதி எல்லை தாண்டிப் பரவிவிடுவது.

எது என்று கண்டுபிடிக்கத் தவறான வாக்கியத்தைப் பிள்ளையின் முன் வைத்துக் கேளுங்கள். "இதையே தமிழில் சொல்." தமிழ் வாக்கியமும் அதே வார்ப்பில் வந்தால் முதல் வகை. "இதை உன் நண்பனிடம் எப்படிச் சொல்வாய்?" எழுதியதையே சொன்னால் இரண்டாம் வகை. "ஏன் இப்படி எழுதினாய்?" என்று கேட்டதும் ஒரு விதியை ஒப்பித்தால் மூன்றாம் வகை. அதட்டாமல் கேட்க வேண்டும். அதட்டிக் கேட்டால் பிள்ளை உடனே அழித்துவிட்டு வேறு எதையாவது எழுதும், தடயம் போய்விடும்.

தமிழ்நாட்டிலிருந்து வந்து, ஆங்கிலத்திலும் கணிதத்திலும் நுழைவுத்தேர்வு எழுதி இங்கே பள்ளியில் சேர்ந்த பிள்ளைக்கு முதல் வகையும் மூன்றாம் வகையும் அதிகம். இங்கேயே பிறந்த பிள்ளைக்கு இரண்டாம் வகை அதிகம். 2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, இங்குள்ள இந்தியர்களில் 59.2 விழுக்காட்டினர் வீட்டில் அதிகம் பேசும் மொழி ஆங்கிலம், தமிழ் 27.3 விழுக்காடு. உங்கள் முன் உட்கார்ந்திருக்கும் பிள்ளை எந்தப் பக்கம் என்று தெரியாமல் தமிழோடு ஒப்பிட்டு விளக்கினால், தமிழ் அதிகம் பேசாத பிள்ளைக்கு ஒன்றுக்கு இரண்டு சுமையாகிவிடும். கீழே தமிழை வைத்து நான் சொல்பவை வீட்டில் தமிழ் பேசும் பிள்ளைக்கு மட்டும்.

அறிகுறி: வினைச்சொல்லின் 'எஸ்' விழுந்துவிடுகிறது

'மை மதர் ஒர்க் இன் எ பேங்க்.' 'ஹீ லைக் துரியான்.'

இதற்குத் தமிழைக் குற்றம் சொல்ல முடியாது. செய்கிறான், செய்கிறாள், செய்கிறது, செய்கிறார்கள் என்று ஆளுக்கேற்ப வினை முடிவை மாற்றிப் பழகிய பிள்ளை இது. வினை எழுவாய்க்கு ஏற்ப மாற வேண்டும் என்ற எண்ணம் அதற்கு ஏற்கெனவே இருக்கிறது. பள்ளியில் காதில் விழும் பேச்சில் அந்த 'எஸ்' இல்லை. மலாயிலும் சீனத்திலும் ஆளுக்கேற்ப வினை மாறுவதில்லை. அவற்றோடு சேர்ந்து வளர்ந்த பேச்சு ஆங்கிலத்திலும் அது உதிர்ந்துவிடுகிறது.

ஆகவே புதிதாக விதி சொல்ல வேண்டியதில்லை. "தமிழில் ஆறேழு முடிவுகளைத் தவறில்லாமல் போடுகிறாய். ஆங்கிலத்தில் நிகழ்காலத்துக்கு ஒன்றே ஒன்றுதான். அதை விடலாமா?" என்று கேளுங்கள். அடுத்து, எழுவாயை ஒரே சொல்லாகச் சுருக்கச் சொல்லுங்கள். 'மை மதர்' என்றால் 'ஷீ'. 'த சில்ட்ரன்' என்றால் 'தே'. ஹீ, ஷீ, இட் வந்தால் 'எஸ்' உண்டு. 'பெயர்ச்சொல்லில் எஸ் இருந்தால் வினையில் எஸ் இருக்காது' என்று ஒரு குறுக்குவழி பல வகுப்புகளில் சுற்றிக்கொண்டிருக்கிறது. நான் அதைச் சொல்லிக்கொடுப்பதில்லை. சில்ட்ரன், பீப்பிள், போலிஸ் என்று வந்ததுமே அது கவிழ்ந்துவிடும்.

பிழை திருத்தும் பகுதியில் வைக்கும் பொறி இன்னொன்று: 'த பாக்ஸ் ஆஃப் ஆப்பிள்ஸ் ஆர் ஹெவி.' தமிழில் 'ஆப்பிள் பெட்டி' என்னும்போது முக்கியமான சொல் கடைசியில், வினைக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஆங்கிலத்தில் பெட்டி முன்னால் போய்விட, வினைக்குப் பக்கத்தில் ஆப்பிள்கள் உட்கார்ந்துகொள்கின்றன. "கனமாக இருப்பது எது?" என்று கேட்டால் பிள்ளையே 'பாக்ஸ்' என்று சொல்லும். 'பாக்ஸ்' என்றால் 'இட்'. 'இட்' என்றால் 'இஸ்'.

'ஷீ கேன் ஸ்விம்ஸ்' என்று எழுதினால் அது மூன்றாம் வகை, விதி பரவிவிட்டது. கேன், வில், மஸ்ட், ஷுட் ஆகியவற்றுக்குப் பின்னால் வெறும் வினைதான் என்று ஒரு வரி சொன்னால் போதும்.

அறிகுறி: 'டிட் நாட் வென்ட்'

நடந்து முடிந்ததைச் சொல்கிறோம், ஆகவே இறந்தகாலம் வேண்டும் என்று பிள்ளை நினைக்கிறது. நினைப்பு சரிதான்; காலத்தை இரண்டு இடத்தில் போட்டுவிட்டது. தமிழ் பேசும் பிள்ளைக்கு இதைத் தீர்ப்பதுபோல் எளிதான காரியம் வேறு இல்லை.

தாளில் 'போனான்' என்று எழுதுங்கள். பக்கத்தில் 'போகவில்லை' என்று எழுதுங்கள். முதல் சொல்லில் இறந்தகாலம் தெரிகிறது. இரண்டாவதில் 'போன' எங்கே? காணவில்லை. 'போக' என்ற வெறும் வடிவம்தான் நிற்கிறது. 'போனவில்லை' என்று எந்தத் தமிழ்ப் பிள்ளையும் சொல்லாது. அதே வேலையை ஆங்கிலமும் செய்கிறது: 'வென்ட்', ஆனால் 'டிட் நாட் கோ'. காலத்தை 'டிட்' வாங்கிக்கொண்டதும் வினை பழைய உருவத்துக்குத் திரும்பிவிடுகிறது. கேள்வியிலும் அப்படியே: 'டிட் யூ கோ?'

வந்தான், வரவில்லை, சாப்பிட்டாள், சாப்பிடவில்லை, பார்த்தார்கள், பார்க்கவில்லை. இந்த இணைகளைத் தமிழில் சொல்லச் சொல்லி, உடனே ஆங்கிலத்தில் சொல்லச் சொல்லுங்கள். வாயால் சொல்லிப் பழகிய பிறகு எழுதவிடுங்கள்.

அறிகுறி: 'எ', 'ஆன்', 'த' விட்டுப்போகிறது, அல்லது கண்ட இடத்தில் வருகிறது

இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். இலக்கண இட்டுநிரப்பலிலும் கட்டுரையிலும் தமிழ் பேசும் பிள்ளைகளை அதிகம் திணறவைப்பது இந்த மூன்று குட்டிச் சொற்கள்தாம். தமிழில் 'த' என்பதற்கு நேரான சொல் கிடையாது. ஆனால் அது செய்யும் வேலையைத் தமிழ் வேறு வழியில் செய்கிறது. இதைப் பிள்ளைக்குக் காட்டாமல், 'தெரிந்த பொருளுக்கு த, தெரியாத பொருளுக்கு எ' என்று மொட்டையாகச் சொன்னால் அது தலையை ஆட்டிவிட்டு மறுபடியும் ஊகித்துத்தான் எழுதும்.

இரண்டு வாக்கியங்களை எடுத்துக்கொள்வோம். 'நூலகத்தில் புத்தகம் எடுத்தேன்.' 'நூலகத்தில் புத்தகத்தை எடுத்தேன்.' இரண்டும் ஒன்றா என்று வீட்டில் தமிழ் பேசும் பிள்ளையைக் கேளுங்கள். சற்று யோசித்துவிட்டு, இரண்டாவதில் எந்தப் புத்தகம் என்று முன்பே தெரியும் என்று சொல்லும். 'ஐ' உருபு வந்ததும் அது குறிப்பிட்ட புத்தகமாகிவிட்டது. முதல் வாக்கியம் 'ஐ பாரோட் எ புக்'. இரண்டாவது 'ஐ பாரோட் த புக்'. இந்த வேறுபாட்டைப் பிள்ளை நாள் முழுவதும் தன்னையறியாமல் பயன்படுத்திக்கொண்டிருக்கிறது. அதை வெளியே எடுத்துக் காட்டுவது மட்டுமே நம் வேலை.

இந்தச் சோதனைக்கு ஓர் எல்லை உண்டு, அதையும் சொல்லிவிடுங்கள். உயிரற்ற பொருள் செயப்படுபொருளாக வரும்போதுதான் இது நம்பகமானது. மனிதர்களுக்கு எப்படியும் 'ஐ' வந்துவிடும். எழுவாயாக வரும் சொல்லில் 'ஐ' வரவே வராது. அங்கெல்லாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு: "இதைப் படிப்பவர் 'எந்த?' என்று கேட்பாரா?" கேட்பார் என்றால் 'எ' அல்லது 'ஆன்'. கேட்கமாட்டார், அவருக்கே தெரியும் என்றால் 'த'. 'எ மேன் கேம் டு அவர் டோர்' என்றதும் படிப்பவர் மனத்தில் 'எந்த ஆள்?' என்று எழுகிறது. அடுத்த வரியில் அதே ஆள் வரும்போது அந்தக் கேள்வி எழாது. 'த மேன்' ஆகிவிடுகிறார். கட்டுரையின் முதல் பத்தியில் வரும் ஒவ்வொரு பெயர்ச்சொல்லுக்கும் பிள்ளையை இந்தக் கேள்வியைக் கேட்கவையுங்கள். முதலில் அலுப்பாக இருக்கும். பிறகு கை தானாக எழுதும்.

எ, ஆன் குழப்பத்துக்குத் தமிழ் எழுத்தே உதவும். ஆங்கில எழுத்தைப் பார்க்காமல், சொல்லைக் காதில் கேட்கிறபடி தமிழில் எழுதச் சொல்லுங்கள். உயிரெழுத்தில் தொடங்கினால் 'ஆன்': அம்பிரெல்லா, அவர் (மணி நேரம்), எச்டிபி ஃபிளாட், எம்ஆர்டி ஸ்டேஷன். உயிர்மெய்யில் தொடங்கினால் 'எ': யூனிஃபார்ம், யூனிவர்சிட்டி, யூரோப்பியன் கன்ட்ரி. 'எச்' என்ற எழுத்தில் தொடங்கும் எச்டிபிக்கு 'ஆன்' எப்படி வந்தது, 'யு' உயிரெழுத்துதானே, அதற்கு ஏன் 'எ' என்ற கேள்விகள் இதோடு முடிந்துவிடும். ஒரே ஓர் எச்சரிக்கை: ஒன்று என்ற எண்ணை நாம் 'ஒன்' என்று எழுதுவது வழக்கம், காதில் விழுவது 'வன்'. ஆகவே 'எ ஒன்-டாலர் காயின்' என்பதே சரி.

இடப்பெயர்களில் விதி தேடி நேரத்தைச் செலவழிக்க வேண்டாம். தோ பாயோ, ஆர்ச்சர்ட் ரோடு, சாங்கி ஏர்போர்ட் ஆகியவற்றுக்கு 'த' இல்லை. சிங்கப்பூர் ரிவர், பாடாங், எஸ்பிளனேட் ஆகியவற்றுக்கு உண்டு. ஆறு, கடல் ஆகியவற்றின் பெயருக்கு 'த' வரும் என்பதை மட்டும் விதியாகச் சொல்லலாம். மற்றவை கேட்டும் படித்தும் வருபவை.

அறிகுறி: காலம் தடுமாறுகிறது

ஒரே தலைப்பில் நான்கு வெவ்வேறு பிழைகள் ஒளிந்திருக்கின்றன. எல்லாவற்றையும் 'காலப்பிழை' என்று ஒரே பெயரில் திருத்தினால் பிள்ளை குழம்பிவிடும்.

'எவ்ரி மார்னிங் ஐ வில் டிரிங்க் மைலோ.' இது தமிழிலிருந்து வருகிறது. 'தினமும் காலையில் குடிப்பேன்' என்று வழக்கத்தைச் சொல்ல நாம் எதிர்கால வடிவத்தைத்தான் பயன்படுத்துகிறோம். தினமும் நடப்பதா, நாளை நடக்கப்போவதா என்று கேளுங்கள். தினமும் நடப்பதற்கு 'வில்' கிடையாது.

'ஐ ஆம் நோயிங் த ஆன்சர்', 'ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்.' இந்தியாவில் படித்துவிட்டு வந்த பிள்ளைகளிடம் இது அதிகம். 'படிக்கிறேன்' என்ற ஒரே சொல் 'ஐ ரீட்' என்பதற்கும் 'ஐ ஆம் ரீடிங்' என்பதற்கும் பொருந்துவதால் இரண்டுக்கும் நடுவே உள்ள கோடு மங்கலாக இருக்கிறது. தெரிதல், விரும்புதல், நம்புதல், உடைமை போன்றவற்றுக்கு 'இங்' வேண்டாம் என்று சொல்லி, ஒரு சோதனை கொடுங்கள்: பாதியில் நிறுத்திவிட்டு மறுபடி தொடங்க முடியுமா? படிப்பதை நிறுத்தலாம். இரண்டு தம்பிகள் இருப்பதை நிறுத்த முடியாது.

'ஐ ஈட் ஆல்ரெடி.' இது சிங்கப்பூர்ப் பேச்சு. ஒரு செயல் முடிந்துவிட்டதைச் சொல்ல 'ஆல்ரெடி'யைக் கடைசியில் வைத்துவிட்டு வினையை அப்படியே விட்டுவிடுவது. பெரியவர்களிடமும் இதைப் பார்க்கலாம். கப்பல் பட்டறையில் மேற்பார்வையாளராக இருக்கும் ஒருவர் தன் மேலதிகாரிக்கு அனுப்பும் தகவல்களைத் திருத்தித் தரச் சொல்லி என்னிடம் வந்தார். 'சார், மெட்டீரியல் கம் ஆல்ரெடி' என்று கைப்பேசியில் எழுதியிருந்தார். தமிழில் சொல்லுங்கள் என்றேன். "பொருள்கள் வந்துவிட்டன" என்றார். அந்த 'விட்டன'தான் நமக்கு வேண்டிய சாவி. தமிழில் வந்துவிட்டது, முடித்துவிட்டேன், அனுப்பிவிட்டோம் என்று தோன்றினால், பக்கத்தில் நேரச்சொல் எதுவும் இல்லையென்றால், ஆங்கிலத்தில் 'ஹாவ்' அல்லது 'ஹாஸ்' போட்டு வினையின் மூன்றாம் வடிவத்தை எழுத வேண்டும். 'த மெட்டீரியல்ஸ் ஹாவ் அரைவ்ட்.' மறுமுறை அவர் அனுப்பிய தகவலில் 'ஹாவ் சென்ட்', 'ஹாவ் கம்ப்ளீட்டட்' இரண்டும் சரியான இடத்தில் இருந்தன.

நான்காவது, 'ஹாஸ்' சொல்லிக்கொடுத்த பிறகு வருவது: 'த டெலிவரி மேன் ஹாஸ் கம் எஸ்டர்டே.' வுட்லண்ட்ஸில் என்னிடம் படிக்கும் தொடக்கநிலை 5 மாணவி இப்படி எழுதிவிட்டு, "அக்கா, 'நேற்று வந்திருக்கிறார்' என்று தமிழில் சொல்லலாம்தானே?" என்று கேட்டாள். சொல்லலாம். நாம் வீட்டில் இல்லாத நேரத்தில் வந்திருக்கிறார் என்பதை வாசலில் கிடக்கும் பொட்டலத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டோம் என்ற பொருளும் அதில் இருக்கிறது. அவள் கேட்டது நல்ல கேள்வி. தமிழ் அனுமதிப்பதை ஆங்கிலம் இங்கே அனுமதிப்பதில்லை. முடிந்துபோன நேரத்தைக் குறிக்கும் சொல் வந்துவிட்டால் 'ஹாஸ்' வெளியேறிவிட வேண்டும். எஸ்டர்டே, லாஸ்ட் வீக், அகோ, இன் 2023 ஆகியவற்றை வட்டமிடச் சொல்லுங்கள். வட்டம் இருந்தால் சாதாரண இறந்தகாலம்: 'கேம் எஸ்டர்டே.' சின்ஸ், யெட், எவர் இருந்தால் 'ஹாஸ்' தங்கலாம்.

பேச்சு ஆங்கிலத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நல்ல ஆங்கிலம் பேசும் இயக்கம் 2000ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டதிலிருந்து சிங்லிஷ் எனப்படும் இந்தப் பேச்சு ஆங்கிலம் நல்லதா கெட்டதா என்ற வாதம் இங்கே ஓயவில்லை. பிள்ளையின் முன் அந்த வாதத்தை நடத்தாதீர்கள். வீட்டில் சொற்களைச் சுருக்கிப் பேசும் தமிழ்ப் பிள்ளை தமிழ்க் கட்டுரையில் 'இருக்கிறது' என்று முழுதாக எழுதப் பழகியிருக்கிறது. பேசுவது ஒன்று, எழுதுவது ஒன்று என்பது அதற்குப் புதிதில்லை. ஆங்கிலத்திலும் அப்படித்தான் என்று சொன்னால் நண்பர்களோடு பேசும் மொழியைப் பற்றி அது வெட்கப்பட வேண்டியிருக்காது. தாளிலும் சரியாக எழுதும்.

அறிகுறி: நேர்க்கூற்றை அயற்கூற்றாக மாற்றும்போது எல்லாம் கலைந்துவிடுகிறது

தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பிஎஸ்எல்இயின் ஆங்கிலத் தாள் 2இல் வாக்கியங்களைச் சேர்த்தும் மாற்றியும் எழுதும் பகுதிக்கு 10 மதிப்பெண், ஐந்து கேள்விகள். அதில் இந்த வகைக் கேள்வியைப் பார்த்ததுமே பல பிள்ளைகளின் முகம் வாடிவிடுகிறது.

கேள்வி: 'அமலா செட் டு ரவி, "ஐ வில் ரிட்டர்ன் யுவர் புக் டுமாரோ."' பிள்ளை எழுதுவது: 'அமலா டோல்ட் ரவி தட் ஐ வில் ரிட்டர்ன் யுவர் புக் டுமாரோ.' மேற்கோள்குறியை எடுத்துவிட்டு 'தட்' போட்டது. வேறு எதையும் தொடவில்லை. தமிழில் அது போதும். 'உன் புத்தகத்தை நாளை திருப்பித் தருகிறேன் என்று அமலா ரவியிடம் சொன்னாள்.' நம் 'என்று' பேசியவரின் வார்த்தைகளை அப்படியே தூக்கிக்கொண்டு வரும். 'நான்' நானாகவே இருக்கும். 'நாளை' நாளையாகவே இருக்கும். 'தட்' அப்படித் தூக்காது.

தமிழில் இதற்கு இன்னொரு வடிவமும் இருக்கிறது: 'ரவியின் புத்தகத்தை மறுநாள் திருப்பித் தருவதாக அமலா அவனிடம் சொன்னாள்.' இங்கே 'உன்' போய் 'ரவியின்' வந்துவிட்டது. 'நாளை' போய் 'மறுநாள்' வந்துவிட்டது. நாளிதழ்ச் செய்தி முழுக்க இந்த வடிவம்தான்: பணிகள் விரைவில் முடிவடையவிருப்பதாக ஆணையம் தெரிவித்தது, தான் அங்கே இல்லை என்பதாகச் சாட்சி கூறினார். அன்றைய தமிழ் நாளிதழில் 'தாக' என்று முடியும் இரண்டு வாக்கியங்களைத் தேடிப்பிடிக்கச் சொல்லுங்கள். பிறகு தேர்வுக் கேள்வியை முதலில் இந்த வடிவத் தமிழில் எழுதவையுங்கள், அதற்குப் பிறகு ஆங்கிலத்துக்கு வரட்டும். ஆட்களும் நாள்களும் தாமாகச் சரியான இடத்துக்குப் போய்விடும். மிச்சம் இருப்பது வினையின் காலம் மட்டும். தமிழில் அது பின்னால் நகர்வதில்லை. வில் என்பது வுட், ஆம் என்பது வாஸ், ஹாவ் என்பது ஹேட் ஆகும். அதைத் தனியாகச் சொல்லிக்கொடுங்கள். 'அமலா டோல்ட் ரவி தட் ஷீ வுட் ரிட்டர்ன் ஹிஸ் புக் த நெக்ஸ்ட் டே.'

தேர்வில் வரிசை மாறாமல் இருக்கட்டும்: யார் யாரிடம் சொன்னார் என்று முதலில் பெயருக்கு மேல் அம்புக்குறி, அடுத்து ஆட்கள், அடுத்து வினை, கடைசியில் நேரமும் இடமும். 'டுமாரோ', 'ஹியர்', 'திஸ்' ஆகியவற்றைக் கடைசிச் சுற்றில்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள்.

அறிகுறி: கேள்வி வாக்கியத்தில் சொற்கள் இடம் மாறுகின்றன

'வாட் யூ ஆர் டூயிங்?' என்று எழுதும் அதே பிள்ளை, இரண்டு வரி தள்ளி, 'ஐ டோன்ட் நோ வேர் இஸ் ஹீ' என்றும் எழுதும். ஒன்றில் மாற்ற வேண்டியதை மாற்றவில்லை. இன்னொன்றில் மாற்றக் கூடாததை மாற்றிவிட்டது. முதலாவது தமிழ், கேள்விக்காக நாம் சொற்களை இடம் மாற்றுவதே இல்லை. இரண்டாவது, 'கேள்வி என்றால் இடம் மாற்று' என்று நாம் சொல்லிக்கொடுத்ததன் விளைவு. கேள்விச்சொல்லைப் பார்த்ததும் பிள்ளை மாற்றிவிடுகிறது.

திருத்தம் ஒன்றே. வாக்கியத்தின் கடைசியில் என்ன குறி என்று முதலில் தீர்மானிக்கட்டும். கேள்விக்குறி என்றால் மாற்று. முற்றுப்புள்ளி என்றால் மாற்றாதே: 'ஐ டோன்ட் நோ வேர் ஹீ இஸ்.' 'அவன் எங்கே இருக்கிறான் என்று தெரியவில்லை' என்பதில் தெரியவில்லை என்று நாம் சொல்கிறோம். யாரையும் எதுவும் கேட்கவில்லை. அயற்கூற்றில் வரும் கேள்விக்கும் இதுவே பொருந்தும்: 'மை மதர் ஆஸ்க்ட் மீ வேர் ஐ வாஸ் கோயிங்.' தமிழில் 'சாப்பிட்டாயா என்று கேட்டார்' என்று 'ஆ'வில் முடிந்தால் ஆங்கிலத்தில் 'இஃப்' அல்லது 'வெதர்' வேண்டும்.

வாய்மொழித் தேர்வில் இன்னொன்றைக் கவனியுங்கள். 'ஹாவ்ன்ட் யூ பீன் டு எ மியூசியம்?' என்று கேட்டால், போகாத பிள்ளை 'எஸ்' என்று சொல்லிவிடும். 'போனதில்லையா?' என்றால் 'ஆமாம், போனதில்லை' என்று கேட்டவரை ஆமோதிப்பது நம் வழக்கம். ஆங்கிலத்தில் கேள்வியை மறந்துவிட வேண்டும். உண்மையில் போயிருந்தால் 'எஸ், ஐ ஹாவ்', போகாவிட்டால் 'நோ, ஐ ஹாவ்ன்ட்'. ஒற்றைச் சொல்லில் நிறுத்தாமல் முழுதாகச் சொல்லப் பழக்கினால் குழப்பம் தீரும்.

விரைவாகத் தீர்ப்பவை

இன், ஆன், அட்: தமிழில் பஸ்ஸில், டாக்சியில், நிறுத்தத்தில் எல்லாமே 'இல்' என்பதால் மூன்றும் ஒன்றாகத் தோன்றும். உள்ளே எழுந்து நடக்க முடிந்தால் 'ஆன்': பஸ், எம்ஆர்டி, விமானம். உட்கார மட்டுமே முடிந்தால் 'இன்': கார், டாக்சி. ஒரு புள்ளியாக நினைத்தால் 'அட்': அட் த பஸ் ஸ்டாப். பத்தாம் மாடிக்கு 'ஆன்', தெம்பனிசுக்கு 'இன்'.

டிஸ்கஸ் அபவுட், என்டர் இன்டு த ரூம், கோ டு ஹோம்: 'பற்றி', 'உள்ளே', 'க்கு' மூன்றும் தமிழிலிருந்து உடன் வந்தவை. கூடுதல் சொல்லை அடித்துவிட்டு வாக்கியத்தைச் சத்தமாகப் படிக்கச் சொன்னால் போதும்.

'டூ புக்': தமிழில் 'இரண்டு புத்தகம்' என்று பேசுவது இயல்பு, எண் வந்துவிட்டதால் 'கள்' தேவைப்படுவதில்லை. ஆங்கிலத்தில் எண் இருந்தாலும் 'எஸ்' வேண்டும். பிறகு 'ஹோம்ஒர்க்ஸ்', 'ஃபர்னிச்சர்ஸ்', 'லக்கேஜஸ்' என்று பரவும்போது, எண்ண முடியாத பத்துப் பன்னிரண்டு சொற்களைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். அவற்றுக்கு வேறு வழியில்லை.

'ஹீ டீச்சர்': 'அவர் ஆசிரியர்' என்பதில் வினையே இல்லை. 'இஸ்' சொல்லிக்கொடுத்ததும் 'ஹீ இஸ் கோ' என்று எங்கும் ஒட்டிக்கொள்ளும். வேறு வினை இருக்கும் இடத்தில் 'இஸ்' தனியாக வராது; வந்தால் 'கோயிங்' ஆக்க வேண்டும்.

அறிகுறி: பயிற்சித்தாளில் எல்லாம் சரி, கட்டுரையில் எல்லாம் தவறு

பெற்றோரை அதிகம் சோர்வடையச் செய்வது இது. 'தெரிந்துகொண்டே கவனமில்லாமல் எழுதுகிறான்' என்று பிள்ளையைக் கடிந்துகொள்கிறார்கள். பயிற்சித்தாளில் கவனம் முழுவதும் ஒரு கோடிட்ட இடத்தில் இருக்கிறது. கட்டுரையில் கதை, சொல், எழுத்துக்கூட்டல், நேரம் என்று நாலாபக்கமும் சிதறுகிறது. பிஎஸ்எல்இ எழுத்துத்தாளில் 1 மணி 10 நிமிடத்தில் இரண்டு எழுத்துப் பணிகளை முடிக்க வேண்டும். விதி இன்னும் கைப்பழக்கம் ஆகவில்லை என்பதைத்தான் கட்டுரை நமக்குக் காட்டுகிறது.

எழுதும்போது இலக்கணத்தை நினைக்கச் சொல்லாதீர்கள். எழுதி முடித்த பிறகு ஒரு சுற்று, ஒரே ஒரு பிழைக்காக. இந்தப் பிள்ளைக்கு வினையின் 'எஸ்' தான் முதல் தொல்லை என்றால், முதல் சுற்றில் அதை மட்டும் தேடட்டும். அடுத்த சுற்றில் காலம். கடைசி வாக்கியத்திலிருந்து மேலே ஏறிப் படித்தால் கதையின் ஓட்டம் இழுத்துக்கொண்டு போகாது. ஒவ்வொரு வாக்கியமும் தனியாகக் கண்ணில் படும்.

திருத்தும் முறையையும் மாற்றுங்கள். பிழையின் மேல் எழுதுவதை நிறுத்திவிட்டு, அந்த வரியின் ஓரத்தில் ஒரு குறி மட்டும் இடுங்கள்: வினைக்கு 'வி', குட்டிச் சொற்களுக்கு 'கு', காலத்துக்கு 'கா'. எங்கே என்று பிள்ளையே தேடட்டும். கண்டுபிடித்துவிட்டால் அது தெரிந்த பிழை. பழக்கம் போதவில்லை, வாய்ப்பயிற்சி கொடுங்கள். தேடியும் கிடைக்கவில்லை என்றால் விதியே இன்னும் பிடிபடவில்லை. மேலே சொன்ன மூன்று கேள்விகளுக்குத் திரும்பிப் போங்கள். ஒரு நேரத்தில் இரண்டு குறிகளுக்கு மேல் வேண்டாம். மற்ற பிழைகள் கண்ணை உறுத்தினாலும் அவற்றை அடுத்த மாதத்துக்கு விட்டுவையுங்கள். பக்கம் முழுவதும் குறிகளாக நிறைந்துவிட்டால் பிள்ளை தேடுவதை நிறுத்திவிடும். தொடர்ந்து மூன்று கட்டுரைகளில் ஓரத்தில் 'வி' வரவில்லை என்றால் அதை விட்டுவிட்டு அடுத்த குறிக்குப் போகலாம்.